கால்வாய்க்கு அடியில் சவுக்குக் கட்டைகள்

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை வரும் வரும் என்கிறார்கள், வரவில்லை. வேலைகள்:

ஸ்கூட்டருக்கு பிரேக் ஒயர்.
ஸ்டெல்லாவுக்கு பி.பி. மாத்திரை.
பஷீர் பாய்க்கு போன். இன்றும் பேசாவிட்டால் நேரில் வந்து நிற்பார்.
மனு நகல் மூன்று.

பிரேக் ஒயர் மட்டும் ஆயிற்று.

கமிட்டி தேதி வந்துவிட்டது. 16, வியாழன். ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் ஒருவர் தலைவர், கூட இரண்டு பேர். கான்ட்ராக்டருக்கும் ஆபீசுக்கும் பில் தகராறு என்றால் கோர்ட்டுக்குப் போகுமுன் இவர்கள் கேட்பார்களாம். கேட்கட்டும். காது கொடுத்துக் கேட்கிற ஆளைப் பார்த்தே ரொம்ப நாளாகிறது.

விஷயத்தை எனக்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன், அங்கே போய் உளறக்கூடாது. எர்ணாவூர் குடியிருப்பில் மழைநீர்க் கால்வாய், கான்ட்ராக்ட் எனக்கு. தோண்டினால் கீழே வெறும் சேறு, இறங்கினால் முழங்கால் வரை. எஸ்டிமேட்டில் சேறு கிடையாது. எஸ்டிமேட் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து போடுவது. ஏ.இ. சுகுமார் சார், அந்த ஏரியா இன்ஜினியர், வந்து பார்த்தார். சவுக்குக் கட்டை அடித்து அதன்மேல் கால்வாய்ப் பெட்டிகளை இறக்குங்கள், ரிவைஸ்டு எஸ்டிமேட்டில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். வாயால் சொன்னது. அடித்தேன். பெட்டிகளை இறக்கினேன். கட்டைகளின் தலை வெளியே தெரிய, இரண்டு பக்கமும் மண் தள்ளாமல் விட்டிருந்தேன். மறுநாள் மேலதிகாரி ஏ.இ.இ. வந்து அளந்து, அளவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும்.

அளக்க வருவதற்கு முதல் நாள் மதியம் ஏ.இ. போன். அந்தக் குடியிருப்பில் ஒரு அம்மா இறந்துவிட்டார்கள், பிணம் அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும், ஜனங்கள் சத்தம் போடுகிறார்கள், உடனே மூடு. மூடச் சொன்னேன். அளவு போயிற்று.

ஆபீஸ் பதில்: கட்டை அடித்ததற்கு ஆதாரம் இல்லை. பாய் டெப்போவில் கட்டை வாங்கிய பில்லைக் காட்டினேன். வாங்கியதற்கு ஆதாரம், மண்ணுக்குள் போனதற்கு ஆதாரம் இல்லையாம். தோண்டிக் காட்டுகிறேன் என்றேன். மேலே சிமெண்ட் ரோடு போட்டாகிவிட்டது. மழைக்காலத்தில் ரோடு வெட்டக்கூடாது என்று உத்தரவு. மழை முடிந்ததும்? அப்போது வேறு உத்தரவு இருக்கும்.

அந்தப் பணம் வந்தால்தான் ஸ்டெல்லாவின் வளையலும் செயினும் அடகிலிருந்து வரும், பாய் பாக்கி அடையும், காசி மேஸ்திரியின் ஆட்களுக்குத் தீபாவளிக்கு முன் கூலி தர முடியும். வீட்டுப் பத்திரத்தில் கை வைக்காமல் இருக்க முடியும். வேறு வழி எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.


அக்டோபர் 8, புதன்

தூறல். கல்மண்டபம் மார்க்கெட் முழுக்க கலீஜ். சங்கரா வாங்கப் போய் நெத்திலி வாங்கி வந்தேன். ஸ்டெல்லா வாங்கி ஆய உட்கார்ந்துவிட்டாள். திட்டாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

மனுவை மறுபடி படித்தேன். "பொதுமக்கள் கேட்டுக்கொண்டதன்பேரில், சவ ஊர்வலம் செல்வதற்காக, மனிதாபிமான அடிப்படையில் பள்ளம் மூடப்பட்டது." நல்ல தமிழ். வக்கீல் குமாஸ்தா எழுதியது. ஏ.இ. பெயர் எங்கும் இல்லை. நான்தான் எடுக்கச் சொன்னேன். ஆபீசர் பெயரை மனுவில் எழுதக்கூடாது. அடுத்த பில்லும் அவர் மேஜைமேல்தான் போகும். தொழிலுக்கு வந்த புதிதில் எல்லோரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான். சிமெண்ட் கலவை கூட அப்புறம்தான்.

காசி மேஸ்திரி வந்தான். உட்காரவில்லை. ஆட்கள் ஊருக்குப் போக வேண்டும், பசங்களுக்குத் துணி எடுக்க வேண்டும் என்றான். தெரியும் என்றேன். கிளம்பும்போதுதான் ஒன்று சொன்னான். "அந்தம்மா சாவுக்கு வீடியோ எடுத்தாங்கண்ணே. மொட்டை மாடிலேர்ந்து. கானாக்காரன்லாம் வந்தான் இல்ல, அதுக்கு."

இத்தனை மாதம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேட்கவில்லையே என்றான்.

மொட்டை மாடியிலிருந்து எடுத்தால் தெரு தெரியும். தெரு தெரிந்தால் பள்ளம் தெரியும். சந்தோஷத்தில் பாய்க்கு நானே போன் செய்துவிட்டேன்.


அக்டோபர் 11, சனி

எர்ணாவூர். எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டே இருந்தன. சட்டையெல்லாம் புழுதி.

என் கால்வாய் நன்றாக இருக்கிறது. நேற்று ராத்திரி பெய்த தண்ணீர் ஒரு சொட்டு நிற்கவில்லை. பக்கத்துத் தெருவில் வேறு கான்ட்ராக்டர் போட்டது, கட்டை இல்லாமல். நடுவில் இறங்கி, தண்ணீர் தேங்கி, கொசு. அவருக்கு பில் முழுதாக வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நல்லதுக்கில்லை என்று நகர்ந்துவிட்டேன்.

இறந்தவர் கன்னியம்மா. மகன் தேவா, ஆட்டோ ஓட்டுகிறான், மூன்றாவது மாடி. என்னைத் தெரிந்துவைத்திருந்தான். டீ வந்தது. அம்மா படம், மாலை, சீரியல் பல்பு. உங்கள் அம்மா ஊர்வலத்துக்காக அன்றைக்கு நான்தான் பள்ளத்தை மூடிக் கொடுத்தேன் என்று சொன்னேன். நன்றி சொல்வான் என்று ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. ஏன் பொய் எழுத வேண்டும்.

அவன் முழித்தான். "இன்னா நைனா சொல்ற. நாங்க அந்தத் தெரு பக்கமே போவலியே."

ஆடி மாதம். அந்தத் தெருவில் அம்மன் கோயில் இருக்கிறது. கூழ் ஊற்றுவதற்குக் காப்பு கட்டியிருந்தார்கள். "காப்பு கட்டிக்கீறப்போ அந்தத் தெருவுல எப்டி பொணம் தூக்கினு போவாங்க? சின்னப் புள்ளைக்கும் தெரியுமே."

எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவனுக்கு ஆடிக் காப்பு எங்கே தெரியும். அன்றைக்கு நான் சைட்டிலேயே இல்லை. வண்ணாரப்பேட்டையில் மச்சினன் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது, காசிக்குப் போன் போட்டேன், முடிந்தது.

தேவா வீடியோவை என் போனுக்கு அனுப்பினான். அவன் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தேன். மேளம். ஆட்டம். பூ ஜோடித்த வண்டி பின்பக்கம் மெயின் ரோட்டில் நிற்கிறது, கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் போகிறது. எடுத்தவன் ஒருமுறை கேமராவைச் சுற்றுகிறான். இந்தப் பக்கம் தெரு. காலியான தெரு. வேப்பிலைத் தோரணம். என் ஜே.சி.பி. பெட்டிகளின் ஓரத்தில் மண்ணைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. பாதித் தூரத்துக்கு மண் விழவில்லை, கட்டைத் தலைகள் வரிசையாக, நன்றாகவே தெரிகின்றன. காசி இடுப்பில் கை வைத்து நிற்கிறான்.

பிணம் அந்தப் பக்கம் போகிறது. அதற்கு வழிவிட நான் இந்தப் பக்கம் மூடிக்கொண்டிருக்கிறேன்.

தேவா நல்லவன். என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு டீ போடச் சொன்னான்.


அக்டோபர் 12, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் எதைப் பற்றி என்று தெரியாது. பிறகு அடக்கச் சபைக் கூட்டம்: சவப்பெட்டி தூக்க ஆள் குறைகிறது, இளைஞர்கள் வருவதில்லை, மெழுகுவர்த்தி ஸ்டாண்டு ஒன்று உடைந்துவிட்டது.

இருபது வருஷமாகப் பெட்டி தூக்குகிறேன். பணக்காரன் ஏழை பார்த்ததில்லை. இது என்னைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஏ.இ.க்கும் தெரியும். சைட்டில் இருந்தபோது இரண்டு தடவை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் அடக்கத்துக்குப் போயிருக்கிறேன்.

மதியம் ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோவைப் பார்த்தாள். இரண்டாம் தடவையும் பார்த்தாள். "உன்னைப் பொணத்தைக் காட்டி ஏமாத்தியிருக்காரு" என்றாள். பிறகு எழுந்து போய்த் துணி மடித்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்.

வீடியோவைக் கொடுத்தால் கட்டை நிரூபணமாகிவிடும். மனுவில் நான் கையெழுத்துப் போட்ட காரணம் பொய்யாகிவிடும். கொடுக்காவிட்டால் கையில் ஒன்றுமே இல்லை. நல்லது செய்யப் போய் நஷ்டப்பட்டேன் என்று ராயபுரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். நஷ்டத்தில் அது ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது. அதுவும் போயிற்று.


அக்டோபர் 14, செவ்வாய்

நல்ல மழை. ரெயின்கோட் கிழிந்திருக்கிறது, இடது தோள் நனைகிறது.

சுகுமார் சாரை திருவொற்றியூர் தேரடி பக்கம் டீக்கடையில் பார்த்தேன். நான் போன் செய்தேன், உடனே வருகிறேன் என்றார். மறைக்கிற ஆள் மாதிரி வரவில்லை. மெலிந்திருக்கிறார். இந்த மாதம் 31-ஆம் தேதி ரிடையர்மெண்ட். ஆபீசில் அவருக்கு சால்வைக்கு வசூல் நடக்கிறதாம், அவரே சொன்னார்.

வீடியோவைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். சண்டை போடுவதற்காகவே போயிருந்தேன். எல்லாம் ஒப்புக்கொண்டார். எனக்குச் சண்டை போட இடமில்லாமல் போயிற்று.

அவர் சொன்னது: சேற்றில் கட்டை அடிக்காமல் பெட்டி இறக்கினால் ஆறு மாதத்தில் அமுங்கும். அது அவருக்குத் தெரியும். மேலே கேட்டால் அனுமதி வர மழை வந்துவிடும். அதனால் என்னிடம் வாயால் சொன்னார். பிறகு ரிவைஸ்டு எஸ்டிமேட் அனுப்பினார், திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏ.இ.இ. வந்து கட்டையை அளந்தால் முதல் கேள்வி, யாரைக் கேட்டு அடித்தீர்கள். சார்ஜ் மெமோ வரும். ரிடையர் ஆகப் போகிறவருக்கு மெமோ வந்தால் பென்ஷன் நிற்கும். பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

"அதுக்கு ஏன் சார் பொணம்" என்று கேட்டேன்.

டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேற எது சொன்னாலும் நாளைக்கு அளந்துட்டு மூடலாம்னு சொல்லியிருப்பீங்க அல்போன்ஸ். பொணம்னா மட்டும் நீங்க மறுக்க மாட்டீங்கன்னு தெரியும்."

டீக்குக் காசு அவர் கொடுத்தார். நான் தடுக்கவில்லை.

கமிட்டியில் உண்மையைச் சொல்வீர்களா என்றேன். 31-ஆம் தேதி தாண்டட்டும் என்றார். கமிட்டி 16-ஆம் தேதி சார் என்றேன். தெரியும் என்றார்.

வேலை தெரிந்த மனுஷன். அவர் சொல்படி கட்டை அடித்ததால்தான் அந்தத் தெரு நிற்கிறது. திட்டவும் முழுசாக வாய் வரவில்லை. அதனால் இன்னும் எரிகிறது.


அக்டோபர் 16, வியாழன்

கமிட்டி.

மூன்றாவது மாடி, லிப்ட் வேலை செய்யவில்லை. பதினொரு மணிக்குக் கூப்பிட்டு இரண்டு மணிக்கு உள்ளே விட்டார்கள். வெளியே பெஞ்சில் என்னைப் போல நான்கு பேர். ஒருவருக்குப் பள்ளிக்கூடச் சுவர், ஒருவருக்குப் பாலத்துக் கைப்பிடி. யாரும் யாரிடமும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பது மாதிரி.

வீடியோவைக் கொடுத்தேன். ராத்திரியே முடிவு செய்துவிட்டேன். கையிலிருக்கும் ஒரே அத்தாட்சியைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தால் ஸ்டெல்லா முகத்தைப் பார்க்க முடியாது.

தலைவர் பெரியவர், நிதானமானவர். லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார்கள். சாவு மேளம் அந்த ஏ.சி. ரூம் முழுக்கக் கேட்டது. ஒரு மெம்பர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். கட்டை தெரிந்த இடத்தில் நிறுத்தி, தலைவர் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"கட்டை அடிச்சிருக்கீங்க. நல்லாவும் அடிச்சிருக்கீங்க."

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். வளையல், செயின், பாய், காசி, எல்லாம்.

பிறகு மனுவைப் புரட்டினார். சவம் போவதற்காக மூடினேன் என்று எழுதியிருக்கிறீர்கள், சவம் அந்தத் தெருவில் போகவே இல்லையே என்றார். அப்படியானால் மறுநாள் அளக்க ஆள் வரும் என்று தெரிந்தும் ஏன் மூடினீர்கள்?

ஏ.இ. சார் எதிரே ஆபீஸ் பக்கத்து நாற்காலியில் ஃபைலோடு இருந்தார். சொன்னேன். ஏ.இ. போன் செய்து மூடச் சொன்னார், பிணம் போகும் என்றும் அவர்தான் சொன்னார். என் குரல் எனக்கே பொய் மாதிரி கேட்டது.

தலைவர் அவரைப் பார்த்தார். சுகுமார் சார் எழுந்தார். "அப்படி எதுவும் சொல்லலை சார்." உட்கார்ந்தார். ஃபைலை நேராக வைத்தார்.

"உங்க மனுவுல இவர் பேரே இல்லையே" என்றார் தலைவர். கோபமாக இல்லை, வருத்தமாகத்தான் கேட்டார்.

என்ன சொல்வது. எங்கள் தொழிலில் யாரும் எழுத மாட்டார்கள் என்றா? மூன்று பேருக்கும் அது நன்றாகத் தெரியும். அவர்களும் அந்த நாற்காலிகளில் இருந்து வந்தவர்கள்தான்.

முடிவு அங்கேயே சொல்லிவிட்டார்கள். வேலை நடந்திருக்கலாம். அறிவிப்பு இல்லாமல், தன் இஷ்டத்துக்கு, காரணத்தை மாற்றிச் சொல்லி, கான்ட்ராக்டரே மூடியிருக்கிறார். கட்டைக்கு ஒன்றும் கிடையாது. மீதி பில்லும் டெபாசிட்டும் தரலாம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால்.

படியிறங்கும்போது சுகுமார் சார் பின்னால் வந்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நிற்கவில்லை.


அக்டோபர் 17, வெள்ளி

கையெழுத்துப் போட்டேன். "மேற்படி ஒப்பந்தம் தொடர்பாக இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை." மூன்று பிரதி. ஸ்டாம்பு.

கோர்ட்டுக்குப் போகலாம் என்றாள் ஸ்டெல்லா. போகலாம். போனால் டெபாசிட்டும் நிற்கும். திங்கள் தீபாவளி. காசியின் ஆட்கள் நேற்றிலிருந்து வீட்டு வாசலில் வந்து வந்து போகிறார்கள். கத்தவில்லை. வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். கத்தினால் பரவாயில்லை.

மாலை பணம் வந்தது. கூலி பட்டுவாடா. பாய்க்குப் பாதி. பாய் எண்ணிப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள் என்றார்.

வளையல், செயின் அங்கேயேதான். வீட்டுப் பத்திரத்தை பேங்க்குக்கு எடுத்துப் போக வேண்டும், அடுத்த வாரம்.

பேப்பர்காரன் பாக்கி கொடுக்க மறந்துவிட்டேன்.


அக்டோபர் 31, வெள்ளி

மழை இல்லை. ஆபீசில் சுகுமார் சாருக்கு வழியனுப்பு. எனக்கும் அழைப்பு வந்தது, வாட்ஸ்அப்பில், ரோஜாப்பூ படம் போட்டு. போகவில்லை.

மாலை அவரே போன் செய்தார். எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. மெமோ எதுவும் வரவில்லை, நல்லபடியாக முடிந்தது என்றார். இனி எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன், எழுதிக் கொடுக்கிறேன் என்றார். குரல் உடைந்தது. நிஜமாகத்தான் சொன்னார்.

கையெழுத்துப் போட்டாகிவிட்டது சார் என்றேன். பென்ஷன் நல்லபடியாக வரட்டும் சார் என்று வைத்துவிட்டேன். கிண்டலாகச் சொல்லத்தான் நினைத்தேன், கிண்டலாக வரவில்லை.


நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு, சாமந்தி, மெழுகுவர்த்தி. காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. ஸ்டெல்லா கையை வைத்து மறைத்துக்கொண்டாள், கையில் ரப்பர் வளையல்.

அடக்கச் சபையிலிருந்து விலகுகிறேன் என்று செக்ரட்டரியிடம் சொன்னேன். முதுகு வலி என்றேன். அவர் நம்பினார்.


நவம்பர் 5, புதன்

விடியற்காலையிலிருந்து மழை. சமையலறையில் ஒழுகுகிறது. பேங்க்கில் பத்திரம் கொடுத்தாயிற்று.

மதியம் காசி போன். எர்ணாவூரில்தான் இருக்கிறானாம். பக்கத்துத் தெருக் கால்வாய் மொத்தமாக அமுங்கிவிட்டது, அதைப் பிடுங்கிப் புதிதாகப் போட அவசர டெண்டர், அதே கான்ட்ராக்டர், இவன் அங்கே கூலிக்கு.

"அண்ணே, கோச்சிக்காத. இங்க சவுக்குக் கட்டை அடிக்கச் சொல்றாங்க. எஸ்டிமேட்லயே போட்டுக்கீது. புது ஏ.இ. படிச்சிக் காட்னாரு. 'அடுத்த தெருவில் ஏற்கெனவே அடித்துள்ளதுபோல'ன்னு எழுதிக்கீது."

மழைச் சத்தத்தில் கட்டாகிவிட்டது என்று நினைத்து அலோ அலோ என்றான்.

"நம்ம தெருவுல எவ்ளோ கேப் வுட்டு அடிச்சோம்ணே? கேக்குறாங்க. எனுக்கு ஞாபகம் இல்ல."

ரெண்டடிக்கு ஒன்று என்றேன். ஓரத்தில் மட்டும் நெருக்கி அடிக்கச் சொன்னேன், அங்கேதான் சேறு அதிகம்.